அடைக்கு வந்த கோழி: முட்டை வைக்கும் முன்னும் பின்னும்

காலையில் முட்டையிடப் போன கோழி மத்தியானமும் பெட்டியை விட்டு எழும்பவில்லை. உடனே அயல்வீட்டில் ஒரு டசின் முட்டை வாங்கி வந்து கீழே வைத்தாயிற்று. ஐந்தாம் நாள் பார்த்தால் கோழி வேலியோரம் கிளறிக்கொண்டு நிற்கிறது, முட்டைகள் குளிர்ந்து கிடக்கின்றன. யாழ்ப்பாணத்தில் புதிதாகக் கோழி வளர்க்கத் தொடங்கிய வீடுகளில் நான் அதிகம் பார்க்கிறது இதைத்தான். கோழியிலும் பிழையில்லை, முட்டையிலும் பிழையில்லை. செய்த ஒழுங்குதான் பிழை. முட்டை வைப்பது இந்த வேலையின் நடுவில் வரும் படி. அதற்கு முன்னால் ஐந்து படிகள் இருக்கின்றன.

1. முதலில் கோழியின் இனத்தைப் பாருங்கள்

அடைக்குப் படுப்பது ஓமோன் செய்கிற வேலை. மூளையின் அடியில் இருக்கும் கபச்சுரப்பியில் இருந்து புரோலக்ரின் கூடுதலாகச் சுரந்தால் முட்டையிடுவது நிற்கும், கோழி படுத்துவிடும். மறைவான இடம், மங்கல் வெளிச்சம், சூடு, வயிற்றின் கீழே முட்டைகள் சேர்ந்து கிடப்பது எல்லாம் அதைத் தூண்டிவிடும். ஆனால் எவ்வளவு தூண்டினாலும் சில கோழிகள் படுக்கவே படுக்காது. அதைத் தீர்மானிப்பது பரம்பரை.

இங்கே வாழ்வாதார உதவியாகக் கிடைத்த அல்லது கடையில் வாங்கிய சிவப்பு முட்டைக்கோழிகளை வைத்துக்கொண்டு, "எப்ப அக்கா இது அடைக்குப் படுக்கும்?" என்று கேட்கிற ஆட்கள் நிறையப் பேர். பதில்: பெரும்பாலும் படுக்காது. ஹைலைன் பிறவுண், சேவர் பிறவுண், லோமன் பிறவுண் போன்றவை முட்டைப் பண்ணைக்கென்றே உண்டாக்கப்பட்ட கலப்புகள். அடைக்குப் படுக்கும் நாட்களில் கோழி முட்டையிடாது என்பதால், படுக்கிற குணமுள்ளவற்றைத் தலைமுறை தலைமுறையாகக் கழித்துவிட்டார்கள். வெள்ளை லெக்கோனும் அப்படித்தான். எங்கேயாவது ஒன்று படுத்தாலும் 21 நாளும் இருக்கும் என்று நம்பி முட்டை வைக்க முடியாது.

றோட் ஐலண்ட் றெட், நியூ ஹம்ப்சயர், கறுப்பு ஒஸ்ரலோப் ஆகியவை நடுத்தரம். இவற்றில் சில படுக்கும், சில படுக்காது. ஒஸ்ரலோப் படுத்தால் ஓரளவு நம்பலாம், பொதுவாகச் சாதுவான கோழி அது. றோட் ஐலண்ட் றெட்டில் ஒரே கூட்டத்தில் வளர்ந்த இரண்டு கோழிகள்கூட வேறு வேறு விதமாக நடக்கும். ஆகவே இனப்பெயரைப் பார்த்து முடிவெடுக்காமல் அந்தத் தனிக்கோழியைச் சோதித்துப் பாருங்கள்.

நம் ஊர்க்கோழிதான் இந்த வேலைக்குச் சரி. 10 முதல் 15 முட்டை வரை இட்டுவிட்டுப் படுக்கும். கழுத்தில் இறகில்லாததும், இறகு சுருண்டு நிற்பதும், கொண்டை வைத்ததும் தோற்றத்தில்தான் வேறு. அடை விசயத்தில் எல்லாம் ஊர்க்கோழியே. ஆனால் ஊர்க்கோழி எல்லாமே நல்ல தாய் என்று நினைத்துவிட வேண்டாம். தாய் நன்றாக அடைகாத்துக் குஞ்சு வளர்த்திருந்தால் மகளும் அப்படி வருவதற்கு வாய்ப்பு அதிகம். கோழி வாங்கும்போது இறகின் நிறத்தைக் கேட்கிற நேரத்தில் தாய் எத்தனை குஞ்சு வளர்த்தது என்று கேளுங்கள்.

சண்டைக்கோழிப் பேடு முட்டை குறைவாக இடும். ஆனால் படுத்தால் அசையாது, காகம் வந்தாலும் கீரி வந்தாலும் எதிர்த்து நிற்கும். உங்களையும் கொத்தும். குஞ்சுகள் சின்ன வயதிலேயே தங்களுக்குள் சண்டை பிடிக்கத் தொடங்கும் என்பது தெரிந்து வைத்திருக்க வேண்டிய விசயம்.

அழகுக்காக வளர்க்கிற சில்கி, பன்ரம், கொச்சின் வகைகள் அடிக்கடி அடைக்குப் படுப்பவை. சில்கிக்கு முட்டை இருக்கத் தேவையில்லை, வெறுங்கூட்டிலேயே படுத்துக் கிடக்கும். கொச்சினும் பிரமாவும் மனதளவில் நல்ல தாய்மார்தான். பாரம்தான் பிரச்சினை, மெல்லிய ஓட்டு முட்டைகளை மிதித்து உடைத்துவிடும்.

உண்மையில் கவனிக்க வேண்டியது கலப்புக் கோழியை. ஊர்ச்சேவலும் சிவப்பு முட்டைக்கோழியும் ஒரே வளவில் திரிந்து உண்டான பேடுகள் இப்போது எல்லா வீட்டிலும் நிற்கின்றன. இவை ஊர்க்கோழி மாதிரியே குரல் மாறி, இறகை விரித்துப் படுக்கும். ஒரு கிழமை ஒழுங்காக இருக்கும். பிறகு ஒருநாள் தீன் தின்ன இறங்கினால் திரும்பி ஏறாது. லெக்கோன் வேண்டாம் என்று சொல்லிவிடும், ஊர்க்கோழி ஓம் என்று சொல்லிவிடும். கலப்புத்தான் ஓம் என்று சொல்லிவிட்டு நடுவில் எழும்பிப் போகும். இவற்றுக்கு மூன்றாம் படியில் வரும் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள்.

முதன்முதலாகப் படுக்கும் இளம்பேடு எந்த இனமானாலும் கொஞ்சம் நிலையில்லாதது. முதல் தடவை ஆறேழு முட்டையோடு விடுங்கள்.

2. கையில் இருக்க வேண்டியவை

கோழி படுத்த பிறகு ஓடித்திரியாமல் இவற்றை முன்கூட்டியே சேர்த்து வையுங்கள்.

கூட்டுக்கு ஒரு பழைய கடகம் அல்லது பழப்பெட்டி. உள்ளே 35 சென்ரிமீற்றர் அகலம் போதும். அடியில் மூன்று விரல் உயரத்துக்குச் சற்று ஈரமான மண் அல்லது மணலைப் போட்டு, நடுவைக் கையால் அழுத்தி ஆழமில்லாத குழியாக்குங்கள். அதன் மேல் வைக்கல். அடி தட்டையாக இருந்தால் முட்டைகள் மூலைக்கு உருண்டு போய்க் குளிர்ந்துவிடும். குழி ஆழமாக இருந்தால் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உடையும்.

மூன்று நான்கு போலி முட்டைகள். பிளாஸ்ரிக் முட்டை, மேசைப்பந்து, அவித்த முட்டை எதுவும் சரி. அவித்ததை இரண்டு மூன்று நாளில் மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் நாறும்.

ஒரு கரிப்பென்சில், சுத்தமான சாம்பல், காய்ந்த வேப்பிலை, தண்ணீருக்கு ஒரு கனமான மண்சட்டி, முழுத் தானியம் கொஞ்சம். போன் ரோர்ச் எல்லாரிடமும் இருக்கிறது.

அப்புறம் சேவல். சேவலோடு சேராத கோழியின் முட்டையை எத்தனை நாள் அடைகாத்தாலும் பொரிக்காது. கடையில் வாங்கும் பண்ணை முட்டை இதற்கு உதவாததும் அதனால்தான். எட்டுப் பத்துப் பேடுகளுக்கு ஒரு சேவல் கணக்கு. புதிதாகச் சேவல் விட்டால் ஒரு கிழமை கழித்து வரும் முட்டைகளைச் சேருங்கள்.

3. உண்மையான அடையா என்று சோதியுங்கள்

கோழி நீண்ட நேரம் பெட்டியில் இருப்பதற்குப் பல காரணங்கள் உண்டு. முட்டை சிக்கியிருக்கலாம், வெயில் தாங்காமல் நிழலுக்குப் படுத்திருக்கலாம், நோயாகவும் இருக்கலாம். அடைக்கோழியின் அடையாளங்கள் வேறு. கிட்டப் போனால் இறகு முழுவதையும் விரித்துத் தட்டையாகப் பரவும், தொண்டைக்குள் உறுமும். இறங்கி நடக்கும்போது "கொக்… கொக்…" என்று இடைவெளி விட்ட கனத்த குரல். நெஞ்சைத் தடவினால் இறகு உதிர்ந்து தோல் சுடும். நாளுக்கு ஒரு தடவை, மற்ற நாட்களை விட மூன்று நான்கு மடங்கு பெரிதாக, தாங்க முடியாத நாற்றத்தோடு எச்சம் போடும். இந்தக் கடைசி அடையாளம் தவறாது.

சோதனை இதுதான். கீழே இருக்கும் முட்டைகளை எடுத்துவிட்டுப் போலி முட்டைகளை வையுங்கள். இரண்டு இரவு பாருங்கள். இரவில் மற்றக் கோழிகளோடு கொப்பில் ஏறிப் படுத்தால் அது இன்னும் அடைக்கோழி இல்லை. இரண்டு இரவும் பெட்டியிலேயே இருந்து, மூன்றாம் நாள் தூக்கி வெளியில் விட்டதும் தின்று குடித்துவிட்டு அரை மணித்தியாலத்துக்குள் தானாகத் திரும்பி வந்தால் நம்பலாம். கலப்புக் கோழிக்கு இதை ஐந்து நாளாக்குங்கள்.

"அதுக்குள்ள முட்டை பழசாகிப் போகுமே" என்பார்கள். முட்டை வேறிடத்தில்தானே இருக்கிறது, ஐந்தாம் படியைப் பாருங்கள்.

4. அடைக்கு வைப்பதா, அடை தெளிய வைப்பதா

படுத்த கோழிக்கெல்லாம் முட்டை வைக்க வேண்டும் என்றில்லை. 21 நாள் அடை, அதன் பிறகு ஏறத்தாழ இரண்டு மாதம் குஞ்சோடு திரிவது என்று கிட்டத்தட்ட மூன்று மாதம் அந்தக் கோழியிடம் முட்டை இல்லை. வீட்டுக்கு முட்டைதான் தேவை என்றால், கோழி படுப்பதை நிறுத்த வைக்க ஒன்பதாம் படிக்குப் போய்விடுங்கள். நடுவில் விட்டு வைப்பதுதான் கெட்டது. வெறுங்கூட்டில் படுத்துக் கிடக்கும் கோழி மெலியும், பேன் பிடிக்கும், முட்டையும் தராது.

நம் ஊருக்குக் காலமும் முக்கியம். ஐப்பசி, கார்த்திகையில் குஞ்சு இறங்கினால் மழையும் ஈரமும் சேர்ந்து பாதியைக் கொண்டுபோகும். ஈரத்தரையில் இரத்தக்கழிச்சலும் எளிதில் பரவும். மார்கழிக் கடைசியில் வைத்து, தை, மாசியில் குஞ்சு இறங்குவதுதான் மிக நல்லது. மழை விட்டு நிலம் காய்ந்திருக்கும், புல்லும் பூச்சியும் மிச்சமிருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. சித்திரைக்குப் பிறகு வைக்கலாம், ஆனால் தகரக்கூரைக்குக் கீழே வேண்டாம். தகரம் காய்கிற நேரத்தில் கோழி வாயைப் பிளந்துகொண்டு எழும்பி நிற்கும். முட்டையும் அவியும். கிடுகு அல்லது பனையோலைக் கூரை, இல்லாவிட்டால் மாமர நிழலில் ஒரு கொட்டில்.

5. முட்டையைத் தெரிந்து சேருங்கள்

நடுத்தர அளவு, வழக்கமான வடிவம், அழுத்தமான ஓடு. மிகப் பெரியதில் இரட்டைக் கரு இருக்கலாம். நீண்டதும் உருண்டதும் சொரசொரப்பானதும் கறிக்குப் போகட்டும்.

கழுவ வேண்டாம். ஓட்டின் மேல் இருக்கும் மெல்லிய படலம்தான் கிருமி உள்ளே போகாமல் தடுக்கிறது, தண்ணீர் பட்டால் அது போய்விடும். எச்சம் அதிகம் ஒட்டிய முட்டையை வைக்காமல் விடுவதே நல்லது. கொஞ்சம் ஒட்டியிருந்தால் காய்ந்த துணியால் துடையுங்கள்.

ஏழு நாளுக்கு மேற்பட்ட முட்டை வேண்டாம். சோளகம் வீசும் மாதங்களில் நான் ஐந்து நாளோடு நிறுத்திக்கொள்வேன். காரணம் சூடு. முட்டைக்குள் இருக்கும் கரு வளரத் தொடங்க 37 பாகை தேவையில்லை. 27 பாகைக்கு மேலே போனாலே அரைகுறையாக வளரத் தொடங்கி, இரவில் குளிர நின்று, பிறகு செத்துவிடும். நம் வீட்டுக் குசினி மத்தியானம் எளிதில் 30ஐத் தாண்டும். ஆகவே குசினி மேசையில் தட்டில் அடுக்கி வைத்த முட்டைகளில் பாதி பொரிக்காவிட்டால் ஆச்சரியப்பட வேண்டாம்.

ஒரு மண்பானையை நிழலில் ஈரமணலின் மேல் வைத்து, உள்ளே காய்ந்த உமி போட்டு, கூர்முனை கீழே இருக்கும்படி முட்டைகளை நட்டு, வாயைப் பருத்தித் துணியால் மூடுங்கள். மணலுக்கு நாளுக்கு இரண்டு தடவை தண்ணீர் தெளித்தால் போதும், ஈரம் ஆவியாகும்போது பானை குளிரும். கூர்முனையைக் கீழே வைப்பது அகன்ற முனையில் இருக்கும் காற்றறை இடம் மாறாமல் இருப்பதற்கு. பிரிட்ஜில் வைத்த முட்டை இதற்குச் சரிவராது, அந்தக் குளிரில் கரு பலவீனப்படும்.

6. இரவில் இடம் மாற்றி, இரவிலேயே முட்டை வையுங்கள்

மற்றக் கோழிகள் முட்டையிடும் பெட்டியிலேயே அடைக்கு வைத்தால் அவையும் ஏறி வந்து இடும். பத்து நாள் வித்தியாசத்தில் முட்டைகள் கலந்துவிடும், முதற்குஞ்சு வந்ததும் கோழி எழும்பிவிடும், மிச்சமெல்லாம் குஞ்சோடு சாகும். இப்படிக் கெட்டுப்போகிற முட்டைகளுக்குக் கணக்கே இல்லை. ஆகவே தனி இடம் வேண்டும். மங்கலான வெளிச்சம், காற்று, எலியும் பாம்பும் நுழையாத வலை.

மாற்றுவதற்கு முன் கோழியின் செட்டைக்கடியிலும் வாலடியிலும் பேன், தெள்ளு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சாம்பலும் மணலும் கலந்த குழியில் நன்றாகக் குளிக்க விட்டு, அது தெளிந்த பிறகு வையுங்கள். தெள்ளுக்கடி தாங்காமல்தான் பல நல்ல கோழிகள் இரண்டாம் கிழமையில் கூட்டை விட்டுப் போகின்றன. பழி கோழிக்கு. கூட்டில் வைக்கலுக்கு அடியில் காய்ந்த வேப்பிலை போடுவது நல்ல பழக்கம். மருந்துத் தூள் போடுவதென்றால் மிருக வைத்தியரிடம் கேட்டுப் போடுங்கள்.

இருட்டிய பிறகு கோழியைத் தூக்கிப் புதுக்கூட்டில் போலி முட்டைகளின் மேல் விடுங்கள். இரவில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது, விட்ட இடத்தில் அமர்ந்துவிடும். பகலில் மாற்றினால் பழைய இடத்தைத் தேடி ஓடும். மறுநாள் முழுக்கப் புதுக்கூட்டில் நிலையாக இருந்தால் அன்று இரவு போலியை எடுத்துவிட்டு உண்மை முட்டைகளை எல்லாம் ஒரே நேரத்தில் வையுங்கள். ஒவ்வொன்றிலும் பென்சிலால் ஒரு சுற்றுக் கோடு. பிறகு கோடில்லாத முட்டை கண்ணில் பட்டால் அது வேறு கோழி வந்து இட்டது, எடுத்துவிடலாம்.

எத்தனை? பன்ரம், சில்கிக்கு 5 அல்லது 6. ஊர்க்கோழிக்கு 9 முதல் 11. சண்டைக்கோழிக்கு 10 வரை. கொச்சினுக்கு இடமிருந்தாலும் பத்தோடு நிறுத்துங்கள். கோழி அமர்ந்த பிறகு எந்தப் பக்கமும் முட்டை வெளியே தெரியக்கூடாது, அதுதான் அளவு. ஒன்று வெளியே தெரிந்தால் கெடுவது அந்த ஒன்று மட்டும் அல்ல. கோழி நாளெல்லாம் முட்டைகளைப் புரட்டி இடம் மாற்றும், ஒவ்வொரு முட்டையும் முறை வைத்து ஓரத்துக்கு வந்து குளிரும்.

இடி இடித்தால் முட்டை கூழாகும் என்று கூட்டில் கரித்துண்டும் இரும்பாணியும் வைக்கிற வழக்கம் உண்டு. வைத்தால் தீங்கில்லை. ஆணியின் கூர் மட்டும் முட்டையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

7. இருபத்தொரு நாள்

முட்டை வைத்த இரவுக்கு அடுத்த நாளை முதலாம் நாளாகக் கலண்டரில் குறியுங்கள்.

கோழி நாளுக்கு ஒரு தடவை 15 முதல் 30 நிமிடம் இறங்கும். தின்னும், குடிக்கும், எச்சம் போடும், மண்ணில் புரளும். அந்த நேரத்தில் முட்டை கொஞ்சம் குளிர்வதால் ஒன்றும் ஆகாது. "பாவம், இறங்க முடியாமல் கிடக்குது" என்று தீனைக் கூட்டுக்குள்ளேயே வைக்கிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் கோழி எழும்பாமல் கூட்டிலேயே எச்சம் போடும், முட்டை முழுக்க அழுக்காகும், சிந்திய தீனுக்கு எறும்பும் எலியும் வரும். தீன் இரண்டடி தள்ளியே இருக்கட்டும். இரண்டு நாளாக இறங்காத கோழியை மட்டும் செட்டைக்கடியில் கை கொடுத்து மெதுவாகத் தூக்கி வெளியில் விடுங்கள். தூக்கும்போது செட்டைக்குள் முட்டை சிக்கியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

இந்த நாட்களில் நெல், சோளம் போன்ற முழுத் தானியம் நல்லது. எச்சம் இறுகும், கூடு சுத்தமாக இருக்கும். உடல் மெலிவதும் தலையில் இருக்கும் சிவப்புப் பூ வெளிறுவதும் வழக்கம்தான்.

ஏழாம் நாள் இரவு ரோர்ச் பிடித்துப் பாருங்கள். தடித்த மட்டையில் ஒரு ரூபாய்க் குற்றி அளவில் துளை வெட்டி, அதன் கீழே போன் வெளிச்சம், மேலே முட்டையின் அகன்ற முனை. சிவப்பு நரம்புகள் சிலந்திவலை போலப் பிரிந்து தெரிந்தால் கரு உயிரோடு இருக்கிறது. ஒன்றும் தெரியாமல் தெளிவாக இருந்தால் கருக்கட்டாத முட்டை. ஓட்டை ஒட்டி ஒரு சிவப்பு வளையம் மட்டும் தெரிந்தால் தொடங்கிச் செத்தது. இரண்டையும் எடுத்துவிடுங்கள். விட்டு வைத்தால் இந்தச் சூட்டில் அழுகி வெடித்து மற்ற முட்டைகளையும் நாறடிக்கும். தடித்த தவிட்டு நிற ஓட்டில் ஏழாம் நாள் வடிவாகத் தெரியாது. சந்தேகமானதைப் பென்சிலால் குறித்துப் பத்தாம் நாள் மறுபடி பாருங்கள். பதினான்காம் நாள் காற்றறை தவிர முழுவதும் கறுத்துத் தெரிய வேண்டும்.

எறும்புக்கு: பெட்டியை மேசை மேல் வைத்து நான்கு காலும் தண்ணீர்ப் பேணிக்குள். மண்ணெண்ணெய் ஊற்ற வேண்டாம். ஓட்டில் நுண்துளைகள் இருக்கின்றன, எண்ணெய் பட்டால் உள்ளே காற்றுப் போகாது.

கோழி நடுவில் விட்டுப் போய்விட்டால், முட்டை முற்றாகக் குளிர்ந்து எவ்வளவு நேரம் என்பதைப் பாருங்கள். சில மணித்தியாலம் என்றால் எறிந்துவிடாதீர்கள். வேறு அடைக்கோழி இருந்தால் அதன் கீழே வைத்து, மூன்று நாள் கழித்து வெளிச்சம் பிடித்து முடிவெடுங்கள்.

8. பதினெட்டாம் நாளுக்குப் பிறகு கையை எடுங்கள்

இந்த நாட்களில் குஞ்சு முட்டைக்குள் தலையைக் காற்றறைப் பக்கம் திருப்பி ஆயத்தமாகிறது. முட்டையைப் புரட்டுவது, வெளிச்சம் பிடிப்பது, கோழியைத் தூக்குவது எல்லாம் நிறுத்துங்கள். இளஞ்சூட்டுத் தண்ணீரில் முட்டையை மிதக்க விட்டு ஆடுகிறதா என்று பார்ப்பது பழைய வழக்கம். கண்ணுக்குத் தெரியாத கீறல் ஒன்று இருந்தாலும் தண்ணீர் உள்ளே போய்க் குஞ்சு மூச்சு முட்டிச் சாகும். தேவையில்லாத வேலை. காய்ந்த காற்று வீசும் காலமாக இருந்தால் கூட்டைச் சுற்றியுள்ள நிலத்துக்கு மட்டும் தண்ணீர் தெளியுங்கள்.

ஓட்டில் முதல் கீறல் விழுந்து குஞ்சு வெளியே வர ஒரு நாள் வரையும் எடுக்கும். புதியவர்கள் பொறுக்க மாட்டாமல் ஓட்டை உரித்து உதவப் போவார்கள். அந்த நேரத்தில் உள்சவ்வில் இரத்தம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும், மஞ்சட்கரு முழுவதும் வயிற்றுக்குள் இழுபட்டிருக்காது. உரித்தால் இரத்தம் வடிந்து சாகும்.

முதலில் வந்த குஞ்சுக்குப் பசிக்குமே என்று தீன் வைத்துக் கோழியை இறக்கவும் வேண்டாம். உள்ளிழுத்த மஞ்சட்கருவில் இரண்டு நாள் தாராளமாகத் தாங்கும். கோழி எழும்பினால் பொரிக்க வேண்டிய மற்ற முட்டைகள் குளிரும். 23ஆம் நாள் வரை பார்த்து, மிச்சத்தை எடுத்துப் புதைத்துவிடுங்கள்.

குஞ்சு வந்ததும் கோழியையும் குஞ்சையும் கரப்புக்குள், அதாவது கவிழ்த்து மூடும் கூடைக்குள் விடுங்கள், குறைந்தது ஒரு கிழமை. பிராந்து, காகம், பூனை, கீரி என்று நம் வளவில் குஞ்சுக்குக் காத்திருக்கிற ஆட்கள் அதிகம். தண்ணீரை ஆழமில்லாத தட்டில் கூழாங்கல் போட்டு வையுங்கள், சிரட்டை கவிழும். தீனுக்குக் குறுணல் அரிசி மட்டும் போதாது, அதில் புரதம் குறைவு. முதல் நாலைந்து கிழமை குஞ்சுத்தீன் கொடுங்கள், தாயும் அதையே தின்னலாம். முட்டைக்கோழித் தீனைக் குஞ்சுக்குக் கொடுக்கவே கூடாது. அதில் இருக்கும் கல்சியம் குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். தடுப்பு மருந்து எந்த வயதில் எது என்பதைக் குஞ்சு இறங்கின கிழமையே உங்கள் பிரதேசக் கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேட்டு எழுதி வையுங்கள். அம்மை கண்ட பிறகு ஓடுவதில் பலனில்லை.

வாங்கிய ஒருநாள் குஞ்சுகளைச் சேர்ப்பதென்றால், கோழி குறைந்தது இரண்டு கிழமை அடையில் இருந்திருக்க வேண்டும். இரவில் ஒவ்வொன்றாகச் செட்டைக்கடியில் வைத்து அதேயளவு முட்டையை எடுத்துவிடுங்கள். விடியும்போது பக்கத்தில் நில்லுங்கள். கொத்தினால் உடனே குஞ்சுகளை எடுத்துவிட வேண்டும். சண்டைக்கோழியிடம் இதை முயல வேண்டாம், வேற்று நிறக் குஞ்சைக் கண்டால் சில பேடுகள் கொன்றுவிடும்.

9. அடை தெளிய வைப்பது

மூக்கில் இறகு குத்துவது, வாளித் தண்ணீரில் முக்குவது, காலைக் கட்டி வெயிலில் போடுவது எல்லாம் நம் ஊரில் நடக்கிறது. மூக்கில் இறகு குத்தினால் கோழி நோவில் தலையை உதறிக்கொண்டு திரியும், புண்ணாகும். நனைத்தால் குளிரில் வாடும். தேவையே இல்லை.

கோழியை இருக்க வைப்பது வயிற்றின் கீழே இருக்கும் சூடும் இருட்டும்தான். இரண்டையும் எடுத்துவிடுங்கள். அடி முழுவதும் கம்பிவலையான ஒரு கூட்டை இரண்டு செங்கட்டியின் மேல் உயர்த்தி, காற்றும் வெளிச்சமும் வரும் நிழலில் வையுங்கள். உள்ளே வைக்கல், உமி, பெட்டி எதுவும் வேண்டாம். தீனும் தண்ணீரும் தாராளமாக. பட்டினி போடுவது பிழை, முட்டைக்குத் திரும்புவது பிந்தும். மூன்று நாள் இரவும் பகலும் அதிலேயே இருக்கட்டும். நான்காம் நாள் திறந்து விடுங்கள். பழைய பெட்டிக்கு ஓடினால் இன்னும் இரண்டு நாள்.

படுத்த முதல் இரண்டு நாளிலேயே இதைச் செய்தால் கெதியாகத் தெளியும், இரண்டு கிழமைக்குள் பெரும்பாலும் முட்டையிடத் தொடங்கும். பத்து நாள் படுக்க விட்டுத் தொடங்கினால் தெளியவும் நாள் எடுக்கும், முட்டைக்கும் நாள் எடுக்கும். றோட் ஐலண்ட் றெட் மாதிரியானவை சீக்கிரம் விட்டுவிடும். சில்கியும் ஊர்க்கோழியும் பிடிவாதம். ஒரு மாதம் கழித்து மறுபடி படுத்தாலும் படுக்கும், திரும்ப அதே கூடுதான்.

முட்டையை நாளுக்கு இரண்டு தடவை பொறுக்கினால் படுப்பது கொஞ்சம் குறையும். ஒரு சிறு குறிப்பு: ஒரு பேடு படுத்திருப்பதைப் பார்த்து மற்றதும் அதே பெட்டியில் ஏறிப் படுப்பதுண்டு. முதலாவதைக் கெதியாக அகற்றுங்கள்.

10. அடுத்த முறைக்கு

21 நாளும் நிலையாக இருந்து, குஞ்சுகளை மிதிக்காமல், ஏழெட்டுக் கிழமை காத்து வளர்த்த கோழியின் காலில் ஒரு நிறக் கயிற்றைத் தளர்வாகக் கட்டிவிடுங்கள். நடுவில் எழும்பிப் போன கோழிக்கு இன்னொரு தடவை கொடுத்துப் பார்க்கலாம், முதல் தடவை என்றால் மட்டும். இரண்டு தடவை விட்டுப் போனதை முட்டைக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதன் மகள்மாரையும் அடைக்கு நம்ப வேண்டாம்.

ஒரு வளவில் ஐந்தாறு சிவப்பு முட்டைக்கோழிகளும் இரண்டு நல்ல ஊர்ப்பேடுகளும் இருந்தால் வீட்டுத் தேவைக்குப் போதும். முட்டை அவற்றிடமிருந்து, அடை இவற்றிடமிருந்து. ஆனால் அடைக்கு வைக்கும் முட்டை எந்தப் பேட்டினுடையது என்று பார்த்து எடுங்கள். சிவப்புக் கோழியின் முட்டையை ஊர்ச்சேவலோடு சேர்த்துப் பொரித்தால் வரும் பேடுகள் முட்டை கூட இடும், அடைக்கு நம்ப முடியாது. அடைக்கென்று பேடு வேண்டுமானால் கயிறு கட்டிய கோழியின் முட்டையில் நாலைந்தை ஒவ்வொரு தையிலும் தனியாகக் குறித்து வையுங்கள்.